குட்டிக் கரட்டின் மூன்றாம் துளை

பிப்ரவரி 3, செவ்வாய்

டங்ஸ்டன் தேடிப் போடும் மூன்றாவது துளையை இன்று காலை தொடங்கிவிட்டோம். துளை போடும் ரிக் எந்திரத்தை ஓட்டும் நாச்சிமுத்து அதற்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, முதல் கம்பியை இறக்கினார். எனக்கும் ஒரு பழம் கொடுத்தார். அது சட்டைப் பையிலேயே இருந்து மாலையில் நசுங்கிப்போய் எல்லாம் ஒரே வாசனை.

அலுவலகப் பதிவேட்டில் கல்லைப் பற்றி மட்டும்தான் எழுத முடியும். மற்றதை எழுத இந்த நோட்டு.

இயக்குநர் போனில் பேசினார். "கோமதி, நூத்தைம்பது மீட்டர். அதுக்கு மேல கிடையாது. இதுலயும் ஒண்ணும் இல்லைன்னா முகாமை மூடிட்டு சென்னைக்கு வந்துடுங்க. கோப்புப் பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு."

நாற்காலி என்றதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது எனக்கு ஓய்வு பெற. ஏழு வருஷமும் கோப்புக்கு நாடா கட்டுவதா? பெரிய கரட்டில் முன்னால் போட்ட இரண்டு துளையிலும் ஒன்றுமில்லை. பக்கத்தில் குட்டிக் கரடு என்று சொல்லும் இந்தச் சின்னக் குன்றில் போடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். இனி எது வந்தாலும் என் தலையில்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

31 மீட்டர். கறுப்பு வரிப்பாறை. நாளைக்கும் இதுவேதான் வரும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

64 மீட்டர். இன்னும் அதே கறுப்புப் பாறை. டீ நேரத்தில் நாச்சிமுத்து மெல்ல ஆரம்பித்தார். அவர் ஆரம்பிக்கும்போதே ஊரெல்லாம் பேசி முடித்துவிட்டது என்று அர்த்தம்.

"ஏனுங்க மேடம், கிரானைட்டுல டங்ஸ்டன் தேடறோம்னு சொல்லிப்போட்டு, கிரானைட்டே இல்லாத எடத்துல எறக்கீட்டு இருக்கறமே. டீக்கடையில கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றதுங்க?"

ருக்குமணியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். காலையில் முகாமுக்குச் சமைப்பாள்; அதற்குப் பிறகு கோர் கழுவுவாள். கோர் என்பது துளையிலிருந்து உருளை உருளையாக வெளியே வரும் கல். அதைக் கழுவி, வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்க வேண்டும். வரிசையில் அவள் ஒரு நாளும் தப்பியதில்லை.

இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். கிரானைட் ஒரு காலத்தில் குழம்பு. பூமிக்கு அடியில், பல லட்சம் வருஷம் மெதுவாக ஆறிய குழம்பு. ஆறும்போது ஒவ்வொரு கனிமமாகப் படிகமாகி உட்காரும். கல்யாணப் பந்தி மாதிரி. முதல் பந்தியில் பெரிய வீட்டுக்காரர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்: ஃபெல்ஸ்பார், காக்காப்பொன் என்ற மைக்கா, வெங்கச்சங்கல் என்ற குவார்ட்ஸ். சுண்ணாம்பு, இரும்பு எல்லாவற்றுக்கும் எங்கேயாவது ஓர் இலை கிடைத்துவிடும். ஆனால் வெள்ளீயமும் டங்ஸ்டனும் இருக்கின்றனவே, இவற்றின் உடல்வாகு ஒரு வரிசைக்கும் ஒத்துவராது. யாரும் வா என்று சொல்ல மாட்டார்கள். பந்தி பந்தியாகத் தள்ளிப்போய், கடைசியில் மிஞ்சின தண்ணீரோடும் ஆவியோடும் சேர்ந்துகொண்டு, குழம்பின் உச்சியில், மூடிக்கு அடியில் போய் நெருக்கியடித்து நிற்கும்.

"அப்புறமுங்க?" என்றாள் ருக்குமணி.

"மூடி விரிசல் விட்டதும் அந்தச் சுடுதண்ணி விரிசலுக்குள்ள ஏறும். ஏறுற வழியில ஃபெல்ஸ்பாரைத் தின்னு வெறும் காக்காப்பொன்னும் வெங்கச்சங்கல்லுமா மாத்திப்புடும். ஆறினதும் சுமந்துட்டு வந்ததை அங்கேயே இறக்கி வச்சிடும். அதுதான் நாம தேடுறது. பெரிய கரட்டுல மூடியே இல்லை. மழையும் வெயிலும் மூடியைத் தின்னு, அதுக்கு அடியில இருந்ததையும் தின்னாச்சு. இங்க மூடி இன்னும் இருக்கு. இந்தக் கறுப்புப் பாறைதான் மூடி."

நாச்சிமுத்து டம்ளரைக் கவிழ்த்துவிட்டு யோசித்தார். "பந்திக்கு முந்துன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. பிந்துனா இந்தக் கதிதானுங்க."

எந்தப் பந்தியிலும் இடம் கிடைக்காமல் நிற்பவர்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அப்பா சங்கரன்கோவிலிலிருந்து ஏறாத பஸ் இல்லை. அது பழைய கதை. இப்போது ஐம்பத்தொன்று. நிம்மதியாக இருக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

ருக்குமணியைத் திட்டிவிட்டேன். கம்பிக்குப் போடும் கிரீஸ் கோரெல்லாம் அப்பிக் கிடந்தது. "கண்ணாடி மாதிரி இருக்கணும், இல்லைன்னா கழுவவே வேண்டாம்" என்றேன். சாயங்காலம் அவள் வைத்த ரசத்தில் உப்பு இல்லை. திட்டு வாங்கிய நாளில் இப்படித்தான் செய்வாள். நானும் அப்படியே குடித்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

கோர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ரசத்தில் உப்பும் இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

118 மீட்டரில் கறுப்புப் பாறை கத்தியால் அறுத்ததுபோல் முடிந்து, வெள்ளைக் கிரானைட் ஆரம்பித்தது. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மூடியின் அடிப்பாகம் என் உள்ளங்கையில் இருந்தது. நாச்சிமுத்து எந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"சொன்னபடி மூடி முடிஞ்சுதுங்க. இனிக் கொழம்பு" என்றார். டீக்கடைக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார் என்று நினைக்கிறேன். திரும்பும்போது எனக்கு ஒரு நுங்குக் குலை வாங்கி வந்திருந்தார். மாசி மாதத்தில் நுங்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவர் மனைவி இறந்து வெகுநாள்; அவிநாசியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகும் வழியில் ஓரிடம் தெரியும் என்றார். ஆனால் அவர் கிளம்பியது பக்கத்து டீக்கடைக்கு.

பிப்ரவரி 19, வியாழன்



124 மீட்டரிலிருந்து கிரானைட் சாம்பல் நிறமாகிவிட்டது. ஃபெல்ஸ்பார் கொஞ்சம்கூட இல்லை. சுடுதண்ணீர் தின்றுவிட்ட பாறை இது, சந்தேகமே வேண்டாம். தொட்டாலே பொலபொலவென்று உதிர்கிறது. சின்னச் சின்னக் குழிகள் வேறு.

டங்ஸ்டன் சுண்ணாம்போடு சேர்ந்தால் ஷீலைட் என்ற கனிமம் ஆகும். புறஊதா விளக்கைக் காட்டினால் நீலவெள்ளையாக ஒளிரும். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, மேசை மேல் கறுப்புக் கம்பளியை மூடி, அதற்குள் தலையை நுழைத்து விளக்கைப் போட்டேன். விரிசல் விரிசலாக, குழி குழியாக, நீலவெள்ளை.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். அவரும் கம்பளிக்குள் வந்தார். "நட்சத்தரமாட்டம் இருக்குதுங்க" என்றார்.

மூன்று மணிக்கு இயக்குநருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். படத்தோடு.

பிப்ரவரி 20, வெள்ளி

இருநூறு மீட்டர் வரை போக அனுமதி. புதன்கிழமை இயக்குநரே வருகிறாராம், மேலிடத்து ஆட்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு. ருக்குமணி கோழி அடித்தாள். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சந்தோஷமாக இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று எந்திரத்துக்கு ஓய்வு. நாச்சிமுத்து இன்னொரு தடவை பார்க்க ஆசைப்பட்டார். குளித்து, வெளுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விளக்கைப் பார்க்க வருவதற்கு இப்படிக் கோயிலுக்குப் போகிற மாதிரி வந்திருக்கிறார். ஏன் என்று தெரியவில்லை.

கம்பளிக்குள் குனிந்தார். துண்டின் முனை நழுவிக் கோர் மேல் விழுந்தது. அதுவும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. அதே நீலம். அதே வெள்ளை.

"ஏனுங்க மேடம், என்ற துண்டுலயும் டங்ஸ்டன் இருக்குதுங்களா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. துண்டை அப்படியே உருவிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். ருக்குமணி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"இந்தத் துண்டு எதுல துவைச்சது?"

"துணிச்சோப்புத் தூள்லீங்க. அவரும் என்ற டப்பாவுல இருந்துதான் எடுத்துக்குவாருங்க."

"கோர் எதுல கழுவுற?"

கத்தியைக் கீழே வைத்தாள். "கிரீஸு போவலீங்களே. அதே தூளப் போட்டு ஊற வெச்சுத் தேச்சனுங்க. நீங்கதானுங்க கண்ணாடியாட்டம் இருக்கோணும்னீங்க."

பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துக் கோரைத் தேய்த்தேன். மூன்று தடவை அலசினேன். விளக்கைப் போட்டேன். ஒன்றுமில்லை. துணியை வெள்ளையாகக் காட்ட அந்தத் தூளில் சேர்க்கிறார்களே, அந்தச் சாமான்தான் ஒளிர்ந்திருக்கிறது. விரிசலிலும் குழியிலும் சோப்புத் தங்கிக் காய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் என் டங்ஸ்டன்.

முதல் நாளே ஓர் ஊசியால் கீறிப் பார்த்திருக்கலாம்; சோப்பு என்றால் உரிந்து வந்திருக்கும். கல்லூரியில் முதல் வருஷத்துப் பிள்ளைகள் செய்வது. இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். தேடியது கிடைத்துவிட்டது என்ற ஆசையில் சோப்பை நம்பினேன்.

பிப்ரவரி 23, திங்கள்

விடிந்ததும் நாச்சிமுத்து வந்து நின்றார். ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுங்களா. பொதங்கெழம அவரு வந்து பாக்கட்டுமுங்க. அதுக்குள்ள ரா பகலா இன்னொரு இருவது மீட்டர் எறக்கிப்போடறேன். கீழ எதாச்சும் கெடைக்காமயா போயிருமுங்க? கெடச்சுப்போட்டா இந்தப் பேச்சே வராதுங்கல்ல."

எனக்காகத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் அந்த யோசனை எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"பொய்யை வச்சு இருபது மீட்டர் வாங்கினா, கீழ கிடைக்கிறதையும் யாரும் நம்ப மாட்டாங்க, நாச்சிமுத்து. நானே நம்ப மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். "அந்தப் புள்ளயக் காட்டிக் குடுத்தறாதீங்க மேடம். பயந்து போயிருக்குது."

இயக்குநரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "யார் கழுவினது?" என்றார்.

"கழுவச் சொன்னது நான் சார். பார்த்தது நான், எழுதினதும் நான்."

"நான் மேல சொல்லிட்டேன் கோமதி. ரெண்டு பேரை வரச் சொல்லிட்டேன்." கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. சோர்ந்துபோய்ப் பேசினார். "ரிக்கை நிறுத்துங்க. புதன்கிழமை நான் மட்டும் வர்றேன். மூடிடலாம்."

139 மீட்டரில் நிறுத்தினோம். எந்திரச் சத்தம் நின்றதும் கரடு முழுக்க மயில் கத்துவது கேட்டது. இத்தனை நாளும் கத்தியிருக்கும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பெட்டிகளுக்கு எண் போட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு என் தட்டை நானே கழுவலாம் என்று போனேன். ருக்குமணிக்கு இன்று கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை. தொட்டி ஓரத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் கறுப்பு மணல் இருந்தது. தேய்க்கலாம் என்று எடுத்தேன்.

கை இறங்கிவிட்டது. கொட்டாங்குச்சி அளவு மணல் இந்தக் கனம் கனக்காது.

"ருக்குமணி, இது ஏது?"

அவள் பயந்துபோய் ஓடி வந்தாள். "அது சோப்பில்லீங்க மேடம். சத்தியமா இல்லீங்க. அந்தச் சாம்பக் கல்லுக் கழுவறப்ப தொட்டி அடியில தங்குதுங்க. தண்ணி ஊத்துனாலும் போவாதுங்க. சட்டி தேய்க்க நல்லா இருக்குதேன்னு எடுத்து வெச்சனுங்க. அண்டாக்கரியெல்லாம் ஒரே தேய்ல போயிருதுங்க."

வெயிலில் ஒரு தாளில் கொட்டிப் பார்த்தேன். கறுப்பும் பழுப்புமாகக் கோதுமை ரவை அளவு மணிகள். காந்தத்தில் ஒட்டவில்லை. ஓடிப்போய் 124-ஆம் மீட்டர் பெட்டியைத் திறந்தேன். சாம்பல் கல்லில் இருந்த குழிகளைப் பார்த்தேன். சோப்பு ஒளிந்திருந்த அதே குழிகள். ஒரு மணியை எடுத்து ஒரு குழியில் வைத்தேன். சரியாக உட்காரவில்லை. நாலாவது மணி உட்கார்ந்தது.

இது வெள்ளீயக் கல்லாக இருக்கலாம். வெள்ளீயக் கல் ஒளிராது. ஊதா விளக்குக்கு அது இருப்பதே தெரியாது. நான் ஒளிர்வதை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன்.

நாச்சிமுத்துவிடம் தீர்ந்துபோன டார்ச் பேட்டரி கேட்டேன். என்ன ஏதென்று கேட்காமல் உடைத்துக் கொடுத்தார். பேட்டரியின் கூடு துத்தநாகத் தகடு. பீங்கான் கிண்ணத்தில் தகட்டை விரித்து, அதன் மேல் ஏழு மணிகளைப் பரப்பி, கழிவறைக்கு வைத்திருந்த ஆசிடில் தண்ணீர் கலந்து ஊற்றினேன். நுரைத்தது. மூன்று பேரும் எட்டி நின்றோம். வெள்ளீயக் கல்லாக இருந்தால் மணியின் மேல் ஈயம் பூசிக்கொள்ளும். இல்லையென்றால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

ஐந்து நிமிஷம் கழித்துக் குச்சியால் எடுத்து, அலசி, நாச்சிமுத்துவின் துண்டிலேயே துடைத்தேன். ஏழு மணியில் ஆறு, புதிதாக ஈயம் பூசிய பாத்திரம்போல் பளபளத்தன.

"இதாச்சும் நெசமுங்களா?" என்றாள் ருக்குமணி.

"இது நெசம்."

அவள் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

பிப்ரவரி 25, புதன்

இயக்குநர் வந்தார். கிண்ணத்தை அவர் முன்னால் வைத்து, தொட்டி மணலின் கதையைச் சொல்லி, புதிதாக ஏழு மணிகளைப் போட்டுக் காட்டினேன். இந்தத் தடவை ஏழும் வெளுத்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சட்டி தேய்ச்சதா இது?"

"ஆறு நாளா, சார்."

"எவ்வளவு இருக்குன்னு தெரியாம நான் வாயைத் திறக்க மாட்டேன், கோமதி. ஒரு தடவை திறந்தாச்சு. கோரைப் பாதியா அறுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்க. முகாமைப் பூட்டுங்க. ரிக் இங்கேயே நிக்கட்டும்." காரில் ஏறப் போனவர் திரும்பினார். "நீங்க திங்கக்கிழமை சொல்லலைன்னா, இன்னைக்கு இதையும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

மார்ச் 6, வெள்ளி

சென்னை. கோப்புப் பிரிவு. நாற்காலி நன்றாகச் சுழல்கிறது. தூசி இல்லை, எந்திரச் சத்தம் இல்லை. தூக்கம்தான் வரவில்லை.

நாச்சிமுத்து போன் செய்தார். கோர் பெட்டிகள் மழையில் நனையாமல் தார்ப்பாய் போட்டிருக்கிறாராம். கொங்கு நாட்டில் மாசி மாதத்தில் என்ன மழை?

மார்ச் 11, புதன்

நாச்சிமுத்து போன். தார்ப்பாயை எடுத்துவிட்டாராம்.

மார்ச் 12, வியாழன்

நாச்சிமுத்து போன். மறுபடி போட்டுவிட்டாராம். பொறுப்பான மனிதர்.

மார்ச் 20, வெள்ளி

ஆய்வக முடிவு. 124 முதல் 133 மீட்டர் வரை வெள்ளீயம். டங்ஸ்டன் கொஞ்சம், பேருக்கு. இது சுரங்கம் ஆகுமா என்று சொல்ல இன்னும் பல துளைகள் வேண்டும். ஆனால் அந்தப் பல துளைகளைப் போடச் சொல்லும் அளவுக்கு இருக்கிறது. குட்டிக் கரட்டில் இன்னும் இரண்டு துளைக்கு அனுமதி. ஏப்ரலில் தொடக்கம். பொறுப்பு என்னுடையது.

செய்தியை முதலில் நாச்சிமுத்துவுக்குத்தான் சொன்னேன். ரிக் அவர் கையில் இருக்கிறதே, அதனால். "அப்ப வந்தர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். வெள்ளீயம் எத்தனை சதவீதம் என்று கேட்கவே இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

முகாமுக்குத் திரும்பிவிட்டேன். ருக்குமணியின் சின்ன மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்து. கிடா வெட்டு. நானூறு பேருக்கு மேல் கூட்டம். ருக்குமணி என்னை முதல் பந்தியில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் மாமியார் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். நான் ஜக்கை வாங்கிக்கொண்டேன். எதிர் வரிசையில் நாச்சிமுத்து இலை போட்டுக்கொண்டே வந்தார். பந்தி மேல் பந்தி. நடுவில் ஒரு தடவை எதிரெதிரே வந்தபோது, அடுத்த பந்தியில் உட்காருங்கள் என்றேன். "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றார். நானும் அதையே சொன்னேன். இரண்டு பேரும் உட்காரவில்லை.

மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி. பாத்திரம் தேய்க்கிறவர்கள், பந்தல்காரர், பூசாரி, நாங்கள். பக்கத்துப் பக்கத்து இலை. கறி தீர்ந்திருக்கும், ரசம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ருக்குமணியே அண்டாவை இழுத்துக்கொண்டு வந்தாள். கரண்டியை அடிவரை விட்டு அள்ளி என் இலையில் வைத்தாள். கெட்டிக் குழம்பு, முழுக்கக் கறித்துண்டு. அள்ள அள்ளக் கறி. "மேல மேல மோந்தவங்களுக்கெல்லாம் தண்ணிக் கொழம்புதானுங்க" என்றாள். "கனமானதெல்லாம் அடியிலதான கெடக்கும்."

நாச்சிமுத்து தன் இலையைப் பார்த்தார். பிறகு என் இலையைப் பார்த்தார். இன்று அவர் மேடம் என்று கூப்பிடவில்லை, மறந்திருப்பார்.

"எடம் கெடச்சுதுங்கல்ல, கோமதி" என்றார்.

வாய் நிறையச் சோறு இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இலையில் கறி கொஞ்சம் குறைவாக இருந்ததுபோல் தெரிந்தது. என்னிடமிருந்து இரண்டு துண்டு எடுத்து வைத்தேன்.